பயமா இருக்குன்னு சொல்ற டிரைவரக்கா

"எனக்கு பயமா இருக்குங்க."

வளர்ந்த ஆளு ஒருத்தர் நாலு பேர் நடுவுல நின்னு, கொஞ்சம்கூட வெக்கப்படாம இப்படிச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? நான் ஒருத்தங்க வாயால நூறு தடவை கேட்டிருக்கேன். அதுவும் யாரு? நான் பார்த்த டிரைவருங்கள்லயே கெட்டிக்கார டிரைவர்.

கீழ்பென்னாத்தூர்லேர்ந்து திருவண்ணாமலைக்கு ஸ்கூல் வேன் ஓட்டினாங்க. வேன்ல வர்ற பசங்க டிரைவரக்கான்னு கூப்பிட்டதுங்க. அதைப் பார்த்து டீச்சருங்க கூப்பிட்டாங்க, அப்புறம் ஊரே கூப்பிட்டுச்சு. அவங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். ஆனாலும் எனக்கும் அக்காதான். நான் செங்கம் ரோட்டுல ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன். கடைக்கு வர்ற டிரைவருங்க பாதிப் பேர் வாயாலயே லாரி ஓட்டுவானுங்க. "நான்லாம் பிரேக்கைத் தொடாமலே மலை இறங்கிடுவேன்"னு ஒருத்தன் ஆரம்பிச்சா, அவனைவிட ஒரு படி மேல ஏத்தி அடுத்தவன் விடுவான். அந்தக் கும்பல்ல நின்னுக்கிட்டு, "எனக்கு மலை இறங்கறதுன்னாலே பயங்க"ன்னு சொன்ன ஒரே ஆளு இவங்கதான்.

பயம்னா ஒண்ணு ரெண்டு பயமில்ல. பல்லு புடுங்கப் போனா, டாக்டர் ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே "சார், எனக்கு ரொம்ப பயம், நான் கத்துவேன், கோவிச்சுக்காதீங்க"ன்னு சொல்லிடுவாங்க. சொன்ன மாதிரியே கத்துவாங்க. பல்லின்னா பயம். தீபத் திருவிழாவுக்குப் போடற ராட்டினம்னா பயம். ஆபீசுல ஃபாரம் நிரப்பவும் பயம். "சார், தப்பா எழுதிடுவேனோன்னு பயமா இருக்கு, எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க"ன்னு நேரா கேப்பாங்க. கிளார்க்கு சிரிச்சிக்கிட்டே காட்டுவாரு. அவங்க ஃபாரம் ஒரு தடவையும் திரும்பி வந்ததில்ல. எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிரப்பற எங்களுதுதான் மூணு தடவை திரும்பி வரும்.

இதே அக்கா பௌர்ணமி அன்னிக்கு, கிரிவலம் போற ஜனம் ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்கிறப்ப, வேனை ரிவர்ஸ்ல சந்துக்குள்ள கொண்டுபோய் நிறுத்துவாங்க பாருங்க. வழியில கழட்டிப் போட்ட செருப்பு மேலகூட டயர் படாது.

மொதமொதல்ல எனக்கு அவங்க மேல கோவம்தான் வந்துச்சு. என் பொண்ணு அப்ப மூணாவது படிச்சா. ஸ்கூல்ல ஜவ்வாது மலைக்கு டூர் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர வேண்டிய வேன் ஆறரைக்குத்தான் வந்துச்சு. நாங்க பெத்தவங்க எல்லாம் கேட்டுல நின்னு கத்திக்கிட்டு இருந்தோம். இறங்கி வந்த என் பொண்ணு, "பாதி மலையில நிறுத்திட்டாங்கப்பா. டிரைவரக்காவுக்கு பயமாம்"னா. "பயப்படறவங்களை எதுக்குய்யா மலைக்கு அனுப்பறீங்க?"ன்னு நான்தான் ஹெட்மாஸ்டர்கிட்ட எகிறினேன். அக்கா ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் கடைக்கு வந்து, பேப்பர்ல சுத்தின ஒரு பொருளை மேசை மேல வெச்சாங்க. வேனோட பிரேக் லைனிங், சக்கரத்தை உரசி நிறுத்தற பட்டை. அதுக்கு முன்னாடி வண்டி பார்த்த எவனோ மட்டமான சரக்கைப் போட்டிருக்கான். சூட்டுல கருகி, மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருந்துச்சு. நல்லதா ஒண்ணு குடுங்கன்னு கேட்டாங்க.

"இதோடவா மலை இறங்கினீங்க?"ன்னேன்.

"பாதி வரைக்கும்தாங்க. வாசனை வந்துச்சு. பெடல் எப்பவும் போறதைவிட கொஞ்சம் கீழ போச்சு. எனக்கு பயம் வந்துடுச்சு. பசங்களை இறக்கி, டயருக்குக் கல்லு வெச்சேன். ஒரு டீச்சர் தண்ணி ஊத்தலாம்னு கேனைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. சூடேறிக் கெடக்கற இரும்புல தண்ணி பட்டா விரிசல் விட்டுடும், வேணாம்னுட்டேன். தானா ஆறட்டும்னு பசங்களைப் பாடச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் போன்ல திட்டினாரு. பயந்துட்டேன் சார், ஆறினதும் வரேன்னு சொன்னேன். அப்புறம் சின்ன கியர்லயே ஊர்ந்து வந்தோம்."

அந்த லைனிங்கைக் கையில வெச்சிக்கிட்டு, முந்தின நாள் நான் கேட்டுல நின்னு பேசின பேச்சை எல்லாம் நெனைச்சுப் பார்த்தேன். எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல. "டீ சாப்பிடுங்கக்கா"ன்னேன். அவ்ளோதான் வந்துச்சு.

அதுலேர்ந்து பிரேக் சாமான் எதுவா இருந்தாலும் என் கடைதான். ஆயில் வாங்கினா சீல் பிரிக்காத டின்தான் வாங்குவாங்க. ஒரு தடவை நான், பிரிச்ச டின்னுல பாதி இருக்கு, சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். அவங்க வாங்கல. "திறந்து வெச்ச பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்ங்க. அப்புறம் சூடு ஜாஸ்தியானா சீக்கிரம் கொதிச்சிடும். கொதிச்சா குமிழி வரும். நீங்க பெடலை மிதிப்பீங்க, குமிழி அமுங்கும், வண்டி நிக்காது"ன்னாங்க. கடைக்காரன் எனக்கே பாடம். ஆனா அன்னிக்கே அந்தப் பாதி டின்னைத் தூக்கிக் கடாசிட்டேன்.

இப்ப என் பைத்தியக்காரத்தனத்தையும் சொல்லணும். எனக்கும் என் மச்சானுக்கும் ரேஸ் கிறுக்கு. மச்சான்னா என் பொண்டாட்டியோட தம்பி, கோயில் பக்கத்துல லாட்ஜ் வெச்சிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, சீட்டெல்லாம் கழட்டி, மெட்ராஸ் பக்கத்துல இருக்கற ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போனோம். ஞாயித்துக்கிழமையில யார் வேணாலும் கட்டணம் கட்டி ஓட்டலாம். காரை ஜீப்புல கட்டி இழுத்துக்கிட்டுப் போக ஒரு நல்ல டிரைவர் வேணுமே, அதுக்குத்தான் அக்காவைக் கூப்பிட்டோம்.

மொதல்ல நான் ஓட்டினேன். அடேங்கப்பா, என்னா ஓட்டு! நாலே ரவுண்டு. முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. உள்ள வந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பா இழுத்தேன். "ஐயோ, அதைப் போடாதீங்க!"ன்னு அக்கா ஓடி வந்தாங்க. அதுக்குள்ள பின்னாடி பிரேக்கு கொதிக்கிற சூட்டுல அப்படியே கவ்விக்கிச்சு. மச்சான் ஒரு பக்கெட் தண்ணியோட வந்தான். பக்கெட்டைப் புடுங்கித் தள்ளி வெச்சாங்க.

"உங்களுக்கு பயமா இல்லையா?"ன்னு கேட்டாங்க.

"எதுக்கு பயம்?"

"அதான் தப்பு. பிரேக்கு சூடாயிடுமேன்னு பயம் இல்லாததாலதான் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே காலை வெச்சு, சும்மா தடவிக்கிட்டே வர்றீங்க. தடவ தடவ சூடு ஏறிக்கிட்டே போகும், ஆற நேரமே கெடையாது. மிதிச்சா நேர்ல இருக்கறப்பவே நல்லா மிதிக்கணும், விட்டா முழுசா விட்டுடணும். கடைசி ரவுண்டு மெதுவா சுத்தி, காத்து பட ஆற விட்டுட்டுத்தான் உள்ள வரணும். வந்தப்புறமும் கல்லுதான் வெக்கணும், ஹேண்ட் பிரேக் கெடையாது."

சொல்றது சுலபம், ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்னு மச்சான் வம்புக்கு இழுத்தான். பின் பிரேக்கை விடுவிச்சு, எல்லாம் ஆறினப்புறம், ஒரு மணி நேரம் கழிச்சு ஏறினாங்க. எட்டு ரவுண்டு. புகையும் இல்ல, வாசனையும் இல்ல. நேரத்தைப் பார்த்தா என்னைவிட ரவுண்டுக்கு ஒம்போது செகண்டு கம்மி. மச்சான் வாயை மூடினவன் டிபன் சாப்பிடற வரைக்கும் திறக்கல.

அன்னியோட நாங்க ரெண்டு பேரும் ஸ்டியரிங்கை விட்டுட்டோம். அக்காதான் ஓட்டணும்னு ஆயிடுச்சு. ஒன்றரை வருஷம், லீவு நாளெல்லாம் அதே வேலை. சூடு தாங்கற பிரேக் பேடு வாங்கிப் போட்டோம். ஒவ்வொரு தடவை போறப்பவும் புது ஆயில். முன் பம்பர்ல ரெண்டு ஓட்டை போட்டு, அதுலேர்ந்து வளையற குழாய் வழியா காத்து நேரா பிரேக் டிஸ்க் மேல படற மாதிரி நானே செஞ்சேன். அந்தக் குழாய்ல எனக்கு ரொம்பப் பெருமை. வர்றவன் போறவனுக்கெல்லாம் குனிஞ்சு காட்டுவேன்.

அப்புறம் அந்த ரேஸ் வந்துச்சு. பழைய சின்னக் காருங்களுக்குன்னு வெச்சது, பன்னெண்டு ரவுண்டு. கோயமுத்தூர்லேர்ந்து ஒரு பெரிய டீமோட மேனேஜர் பார்க்க வந்திருந்தாரு. ஜெயிக்கறவங்களுக்கு அடுத்த சீசன் முழுக்க அவங்க டீம்ல சீட்டு, சம்பளம். அக்கா வீட்டுல அம்மாவும் அவங்களும்தான். வேன் ஓட்டற சம்பளத்துல மாசக் கடைசி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேணாம். ஆனா அவங்க காசுக்காக மட்டும் ஆசைப்படல. டிராக்குக்குக் கிளம்பற அன்னிக்கு அவங்க முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி இருப்பாங்க.

முந்தின நாள் நான் அண்ணாமலையார் சன்னதியிலேர்ந்து ஒரு மாலை வாங்கிக்கிட்டு வந்தேன். சாமந்தியும் மரிக்கொழுந்தும் வெச்சுக் கட்டினது. கார் முன்னாடி கட்டி, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம். காலையில வண்டியைச் சோதனை பண்ற ஆளு வந்து, வெளிய எதுவும் தொங்கக் கூடாது, கழட்டுங்கன்னாரு. கழட்டினேன். கழட்டின மாலையை எங்க போடறது? சாமிக்குப் போட்ட மாலை, குப்பையில போட மனசு வருமா? கீழ போட்டா மிதிப்பாங்க. மரத்தடியில வைக்கலாம்னா அந்தக் காங்கிரீட்டுல மரம் ஏது? பம்பருக்குள்ள, குழாய் வாய்க்குப் பக்கத்துல ஒரு இடுக்கு இருந்துச்சு. சாமியும் வண்டியோட போகட்டும்னு சுருட்டி அதுக்குள்ள சொருகிட்டேன். பெருமையா நான் போட்ட குழாய், நானே சொருகின மாலை. என்னைச் செருப்பால அடிக்கணும்.

ரேஸ் ஆரம்பிச்சு மூணாவது ரவுண்டுல அக்கா ரெண்டாவதா வந்தாங்க. ஆறாவதுல முதல். மச்சான் என்னைத் தூக்கிச் சுத்தினான். ஒம்போதாவது ரவுண்டுல ரெண்டாவது வண்டி ரொம்பப் பின்னாடி இருந்துச்சு. பத்தாவது ரவுண்டு முடியற இடத்துல, முதல்ல வந்துக்கிட்டு இருந்த எங்க வண்டி வேகத்தைக் குறைச்சு, ஓரம் கட்டி, மெதுவா உள்ள வந்துச்சு.

அக்கா இறங்கினாங்க. ஹெல்மெட்டைக் கழட்டினாங்க.

"பெடல் ரெண்டு விரல் கீழ போயிடுச்சுங்க. வண்டி இடது பக்கம் இழுக்குது. எனக்கு பயமா இருக்கு."

"இன்னும் ரெண்டே ரவுண்டுக்கா!" மச்சான் தலையில அடிச்சிக்கிட்டான். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைச்சிட்டீங்களே!"

மேனேஜர் பக்கத்துலதான் நின்னாரு. "கடைசி நேரத்துல பயந்துட்டீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு.

"ஆமா சார். பயந்துட்டேன்."

அவரு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

நான் சக்கரத்தைப் பார்க்கக் குனிஞ்சேன். வலது பக்கத்துலேர்ந்து அனல் அடிச்சுச்சு. அதோட பூ கருகின வாசனை. பம்பருக்குள்ள கையை விட்டேன். இடுக்குல வெச்ச மாலையைக் காத்து இழுத்து, குழாய் வாயை அடைச்சிருந்துச்சு. பாதி உள்ள போய்க் கருகியிருந்துச்சு. அந்தப் பக்கத்து பிரேக்குக்கு ரேஸ் முழுக்கக் காத்தே போகல. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்களே, நான் அந்த மாலையைப் பேன்ட் பாக்கெட்டுல மறைச்சேன். மச்சான் அக்காவைப் பார்த்துக் கத்திக்கிட்டு இருந்தான். நான் ஒரு வார்த்தை பேசல.

திரும்பி வர்றப்ப அக்காதான் ஜீப் ஓட்டினாங்க. வந்தவாசி தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினாங்க. மச்சான் முகத்தைத் திருப்பிக்கிட்டு வண்டியிலயே உக்காந்துட்டான். நாங்க ரெண்டு பேரும் இறங்கினோம்.

"ஏழாவது ரவுண்டுலயே பூ வாசனை வந்துச்சுங்க"ன்னாங்க.

நான் டீ கிளாஸை பெஞ்சு மேல வெச்சுட்டேன்.

"மொதல்ல சாமிதான் கூட வருதுன்னு நெனைச்சேன்." சிரிச்சாங்க. "அப்புறம் கருகற வாசனை வந்துச்சு. அப்பவே உள்ள வந்திருக்கணும். ஆசை. மூணு ரவுண்டு ஜாஸ்தி ஓட்டிட்டேன்."

"அந்த சார்கிட்ட ஏன்க்கா இதைச் சொல்லல?"

"எனக்கு வாசனைதான் தெரியும். பூவைப் பார்த்தது நீங்க. பார்த்தவங்கதானே சொல்லணும்?"

மறைச்சதையும் பார்த்திருக்காங்க. "எனக்கு பயமா இருந்துச்சுக்கா"ன்னேன். அந்த வார்த்தையை என் வாழ்க்கையில அன்னிக்குத்தான் வாயால சொன்னேன்னு நெனைக்கிறேன்.

"சரி. நாளைக்கு அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. எனக்காக மட்டும் இல்ல. நம்ம பக்கத்துலேர்ந்து போற எல்லாரும் பூ போட்டுட்டுத்தான் வண்டி எடுக்கறோம். இன்னொருத்தன் இதே மாதிரி சொருகி, ஓட்டறவன் உள்ள வராம ஓட்டினா என்னா ஆகும்?"

நாளைக்கு சொல்றேன்னேன்.

அந்த நாளைக்கு வரவே இல்ல. மறுநாள் கடையில கூட்டம்னு விட்டேன். அதுக்கு மறுநாள் அமாவாசைன்னு விட்டேன். அப்புறம் அவரு நம்பர் எங்க வெச்சேன்னு தேடற மாதிரி நடிச்சேன். எவனோ எடுத்த வீடியோ ஊர்ல சுத்துச்சு. ஜெயிக்கப் போற வண்டி தானா ஓரம் கட்டறது. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன், "என்னாம்மா, பயந்தாங்கொள்ளி ரேஸ்காரம்மா"ன்னான். அக்கா "ஆமாண்ணே"ன்னுட்டுப் போனாங்களாம். தினமும் நாலு மணிக்கு வேன் என் கடையைத் தாண்டும். எப்பவும் போல ஒரு ஹார்ன் அடிப்பாங்க. ஒரு நாள்கூட நிறுத்தி, சொல்லிட்டீங்களான்னு கேக்கல. கேட்டிருந்தாகூடத் தேவலையா இருந்திருக்கும்.

பன்னெண்டாவது நாள் என் பொண்ணு அழுதுக்கிட்டே வந்தா. வேன்ல ஒரு பையனோட சண்டை. "அக்கா பயந்து ஓடி வந்துட்டாங்கன்னு சொல்றான்பா. நீ அங்கதானே இருந்த? நீ சொல்லு."

"பிரேக்குல கோளாறும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு, கடைக்குப் பின்னாடி போய் போன் போட்டேன்.

மேனேஜர் முழுசா கேட்டாரு. "போன வாரம்தாங்க இன்னொரு பையன்கிட்ட கையெழுத்து வாங்கினோம்"ன்னாரு. "மறுநாளே சொல்லியிருந்தீங்கன்னா அந்த சீட்டு இவங்களுக்குத்தான். முதல்ல ஓடிக்கிட்டு இருக்கறப்ப, பிரேக்கு சரியில்லன்னு தானா உள்ள வர்ற ஆளைத்தான் நாங்க தேடறோம். நான் அவங்களுக்கு மனசுல தைரியம் இல்லன்னு நெனைச்சிட்டேன்."

இதை அக்காகிட்ட சொல்லாம இருந்துடலாம்னுதான் மொதல்ல தோணுச்சு. மறுபடியும் அதே புத்தி. மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் வாசலுக்கே போனேன். பசங்க ஏறிக்கிட்டு இருந்தாங்க. அவரு சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன்.

"சீட்டு எனக்குத்தான்னு சொன்னாரா?"

"ஆமாக்கா."

கண்ணுல தண்ணி வந்துடுச்சு. துப்பட்டாவால துடைச்சிக்கிட்டாங்க, மறைக்கல.

"எனக்கு அது மேல ரொம்ப ஆசை இருந்துச்சுங்க. உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு உங்க கடைக்கு வர மாட்டேன்."

அவ்ளோதான். திட்டல, சாபம் விடல. பசங்க தலையை எண்ணிட்டு ஏறி உக்காந்து, அவசரமே இல்லாம வண்டியை எடுத்தாங்க. அவ்ளோ கோவத்துலயும் அந்த வேன் ஒரு குலுங்கு குலுங்கல. என்னை மாதிரி ஆளா இருந்தா அன்னிக்கு ரெண்டு சைக்கிளையாவது சாய்ச்சிருப்பேன்.

மச்சான்கிட்டயும் அன்னிக்கே சொன்னேன். அடிப்பான்னு பார்த்தேன். அடிக்கல. கீழ்பென்னாத்தூருக்குப் போய் அக்கா கையைப் புடிச்சு மன்னிப்பு கேட்டுட்டு வந்தான். அக்கா சொன்ன மாதிரியே ரெண்டு மாசம் கடைக்கு வரல. மூணாவது மாசம் வந்தாங்க. கோவம் போயிடுச்சுங்கன்னு அதையும் வாய்விட்டே சொன்னாங்க.

அடுத்த வருஷம் அந்த மேனேஜரே கூப்பிட்டு சீட்டு குடுத்தாரு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு கோயமுத்தூருக்குப் போயிட்டாங்க. இப்ப அந்த டீமோட எல்லா வண்டிக்கும் பிரேக்கை இவங்கதான் மொதல்ல ஓட்டிப் பார்த்து சொல்லணுமாம். இவங்க பயமா இருக்குன்னா அன்னிக்கு அந்த வண்டி வெளிய போகாது. நெனைக்கிறப்ப எனக்குப் பெருமையா இருக்கு. இந்த ஊர்ல அவங்களை மாதிரி தைரியசாலியை நான் பார்த்ததே இல்ல.

போன வாரம் போன்ல பேசினாங்க. என் பொண்ணு இப்ப எட்டாவது படிக்கிறா. பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. போனை வெச்சதும், "அந்த ரேஸ் முடிஞ்ச உடனேயே அக்கா போயிருக்கலாமே, ஏன்பா ஒரு வருஷம் கழிச்சுப் போனாங்க?"ன்னு கேட்டா.

"என்னாலதாம்மா"ன்னேன்.